உலாவியின் உள்ளறை

இணைய உலாவியின் அமைப்புப் பக்கம் திண்ணை போன்றது; உள்ளறை வேறு. 2004 இல் முதற்பதிப்புக் கண்ட ஃபயர்பாக்ஸைக் கணினியில் திறந்து, முகவரிப் பட்டையில் ‘அபவுட்:கான்ஃபிக்’ என ஆங்கில எழுத்தில் தட்டச்சிட்டால் அவ்வறை திறக்கும். எச்சரிக்கை ஒன்றும் தோன்றும். அதனை ஏற்று உட்சென்று, ‘பெர்மிஷன்ஸ்.டிஃபால்ட்.இமேஜ்’ என்பதன் மதிப்பை 1 இலிருந்து 2 ஆக மாற்றினால், பக்கங்கள் படமின்றி எழுத்தளவில் விரைந்து விரியும்.

சாத்தான்குளம் வட்டாரத்தில் கைப்பேசி இணைப்பைக் கணினிக்குப் பகிர்ந்து பயிலும் மாணவர்க்கு இது பெருஞ்சிக்கனம். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சீறாப்புராணம் எழுத்துவடிவிலேயே உள்ளமையால், படங்களை நீக்கினும் பாடல்களுக்குக் குறைவில்லை.

ஆயினும், பொருளறியா அமைப்புகளைத் தொடாதிருப்போம். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுவோம். மாற்றியது தடித்த எழுத்தில் நிற்கும். அவ்வரியின் இறுதியிலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் பழைய நிலை மீளும். மீளும் வழியறிந்து உட்புகுவோர்க்கு உள்ளறை அச்சம் தருவதன்று.