சின்னாளப்பட்டிக்கு வந்த டாக்டர் அம்மா

திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்கு ரெயிலில் போனால் அடுத்த நிலையம் அம்பாத்துரை. பக்கத்திலேயே சின்னாளப்பட்டி. தறிச் சத்தம் கேட்டபடியே இருந்த நெசவாளர் ஊர். சேலைக்குப் பெயர் போனது.

1947-ம் ஆண்டு அந்த ஊரில் ஒரு சின்ன வைத்தியசாலை தொடங்கியது. அதில் இரண்டே கட்டில்கள். அதை நடத்த வந்தவர் ஒரு பெண் டாக்டர். சாதாரண வீட்டுப் பெண் அல்ல. பஸ் போக்குவரத்தில் பேர் பெற்ற டி.வி.எஸ். நிறுவனத்தின் முதலாளி சுந்தரம் அய்யங்காரின் மகள்! பெயர் சவுந்தரம்.

பட்டணத்தில் பங்களா கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் ஏன் இங்கே வந்தார்?

கணவர் ஆசை

சவுந்தரம் 1904-ம் ஆண்டு பிறந்தார். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கலியாணம் நடந்துவிட்டது. கணவர் சவுந்தரராஜன் ஒரு டாக்டர். மதுரையில் பிளேக் பரவியபோது நோயாளிகளுக்கு வைத்தியம் செய்தார். அந்த நோயே அவரையும் கொண்டுபோய்விட்டது.

இளம் விதவையின் கதி அப்போது எப்படி இருந்தது என்று பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். வெள்ளைப் புடவை, வீட்டு மூலை, அவ்வளவுதான். ஆனால் சவுந்தரம் படிக்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. பெற்றோரும் குறுக்கே நிற்கவில்லை. ஆசாரமான குடும்பம் அது. அந்தப் பெற்றோரைப் பாராட்டத்தான் வேண்டும்.

டெல்லிக்குப் போய், பெண்களுக்கான லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1936-ல் டாக்டர் ஆனார். அப்போது வயது 32.

காந்தி வைத்த சோதனை

டெல்லியில் சுசீலா நய்யாரின் நட்பு கிடைத்தது. அதன் வழியே காந்தி அடிகளின் தொடர்பும் வந்தது. ஜி.ராமச்சந்திரன் என்ற காந்தியத் தொண்டரையும் அங்கேதான் சந்தித்தார். அவர் கேரளத்துக்காரர். இருவரும் மணந்துகொள்ள விரும்பினார்கள்.

விதவைக்கு மறுமணம்! அதிலும் வேறு சாதி! இந்தத் தடவை பெற்றோர் சம்மதிக்கவில்லை. காந்தியும் உடனே தலையசைக்கவில்லை. "ஓர் ஆண்டு பிரிந்து இருங்கள்" என்று சொல்லிவிட்டார். ஓர் ஆண்டு கழிந்தும் இருவர் மனமும் மாறவில்லை. 1940 நவம்பரில், காந்தியும் கஸ்தூரிபாவும் ஆசி கூற, சேவாகிராமத்தில் திருமணம் நடந்தது.

பிறகு கஸ்தூரிபா நினைவு நிதியின் வேலையைத் தமிழ்நாட்டில் கவனிக்கும் பொறுப்பைச் சவுந்தரத்திடம் ஒப்படைத்தார் காந்தி. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வேலை அது. அதன் தொடர்ச்சிதான் காந்திகிராமம். சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துரைக்கும் நடுவே, சிறுமலை அடிவாரத்தில், 1947-ல் கணவனும் மனைவியுமாக அதைத் தொடங்கினார்கள்.

சட்டசபையில்

1952-ல் பொதுத்தேர்தல் வந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது அப்போதுதான் முதல் தடவை. சவுந்தரம் ஆத்தூர் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் நின்று வென்றார். (இது திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர், சேலத்து ஆத்தூர் அல்ல.) 1957-ல் வேடசந்தூர் தொகுதியில் வென்றார்.

தேர்தல் வந்தால்தான் சில வேட்பாளர்களின் முகமே தெரியும். இவர் ஓட்டுக் கேட்டு வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே வைத்தியம் பார்க்க வந்தவர்.

சட்டசபைக்குச் சென்னை, வேலைக்குக் காந்திகிராமம் என்று நாட்கள் ஓடின. கிராமத்துப் பெண்கள் அங்கே தங்கிப் பயிற்சி பெற்றார்கள். பிரசவம் பார்க்கக் கற்றார்கள், ஊர் ஊராகச் சுகாதார வேலை செய்யக் கற்றார்கள். 1956-ல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1959-ல் ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் சுகாதாரத் திட்டம் ஒன்று தொடங்கியது. வீடு தேடிப் போய்த் தாய்மார்களுக்குக் குடும்ப நலம் பற்றிச் சொன்னார்கள். இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்கு அதைப் பற்றி வாய் திறக்கவே கூச்சப்பட்ட காலம்.

1962-ல் திண்டுக்கல்லில் இருந்து பாராளுமன்றம் போனார். மத்திய கல்வித் துறையில் துணை மந்திரி ஆனார். அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் கிடைத்தது.

1967 தேர்தலில் தோல்வி. பதவி போனதும் காந்திகிராமம் வேலையிலேயே இருந்தார். அந்தக் கிராமியக் கல்வி நிலையத்துக்கு 1976-ல் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தபோது அதைக் கண்ணால் பார்த்தார். 1984 அக்டோபரில் காலமானார்.

இரண்டு கட்டிலுடன் தொடங்கிய அந்த வைத்தியசாலை, கஸ்தூரிபா மருத்துவமனை என்ற பெயரில் பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. சுற்று வட்டாரத்தில் எத்தனையோ குழந்தைகள் பிறந்தது அங்கேதான்.