பள்ளி தருவதும் இல்லம் தரவேண்டுவதும்

மும்பை மாதுங்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு டான் பாஸ்கோ உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இத்தாலியில் ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்த புனித ஜான் பாஸ்கோ (1815-1888) தோற்றுவித்த சலேசிய சபைத் துறவியர் நடத்தும் பள்ளி அது. தண்டனையை நாடாது அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றினாலும் மாணவரை நல்வழிப்படுத்துவதே அவர் வகுத்த நெறி.

பாதிரிமார் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை நம் வழக்கங்களை மறந்துவிடுவான் என்று நம்மவரிற் சிலர் அஞ்சுவதுண்டு. நாமும் அஞ்சினோம். ஆனால், அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் இசைவின்றிச் சிறுவர் எவரையும் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு காப்பளிக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி பயிலும் வேளையில் ஏனையோர் நன்னெறிப் பாடம் பயில்வது இத்தகைய பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சென்ற மாதம் நம் ஊர்க் கோயில் திருவிழா அழைப்பிதழ் வந்தது. ஆறாம் வகுப்பில் பயிலும் நம் மகன் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படித்துச் சொல்லுங்கள், அப்பா" என்று நீட்டினான். நாம் தலைகுனிந்தோம். இதற்குப் பள்ளியைப் பழித்தல் தகுமோ?

நம் அண்டை வீட்டுக் கத்தோலிக்கர் சமயத்தைப் பள்ளியிடம் மட்டும் ஒப்புவித்துவிடவில்லை. மாலைதோறும் குடும்பத்தோடு அமர்ந்து செபமாலை சொல்கின்றனர். அலுவலகம் விட்டு ரயிலில் நின்றுகொண்டே திரும்பும் களைப்பு நாம் அறியாததன்று. ஆயினும், இரவு உணவுக்கு முன் அரைமணி நேரமேனும் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் எழுத்தறிவிப்போமாக!