தரைதட்டியவர் அட்மிரல் ஆகலாமா?

பிலிப்பைன்ஸில் பட்டங்காஸ் என்றொரு துறைமுகம் இருக்கிறது. 1908 ஜூலை 7 அன்று அங்கே 'டெகேட்டர்' என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் சேற்றுத் திட்டில் ஏறித் தரைதட்டியது. கப்பலின் பொறுப்பில் இருந்தவர் செஸ்டர் நிமிட்ஸ். வயது 23, பதவி என்சைன், அதாவது அதிகாரிகளுக்குள் கடைசிப் படி. கரையில் தெரியும் அடையாளங்களை வைத்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டிருக்க வேண்டியவர், குத்துமதிப்பாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதையும் பார்க்கவில்லை. மறுநாள் அந்த வழியே வந்த ஒரு நீராவிக் கப்பல் டெகேட்டரை இழுத்து விடுவித்தது. ஆனால் கப்பல் தலைவன் கணக்குச் சொல்லாமல் தப்ப முடியாது. கோர்ட் மார்ஷல் நடந்தது; கடமையில் கவனக்குறைவு என்று தீர்ப்பாகி, கண்டனக் கடிதமும் வந்தது. கப்பல் கையைவிட்டுப் போயிற்று. இதே மனிதர் 1944 டிசம்பரில் ஃப்ளீட் அட்மிரல் ஆனார். அமெரிக்கக் கடற்படையில் அந்த ஐந்து நட்சத்திரப் பதவியை இதுவரை பெற்றவர்கள் நான்கே பேர். (1949இல் காஷ்மீர் வாக்கெடுப்பை நடத்தித் தரும் பொறுப்பில் ஐ.நா. நியமித்ததும் இவரைத்தான். வாக்கெடுப்பு நடக்கவில்லை என்பது நமக்குத் தெரிந்த கதை.)

தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரிடம் இந்த வரலாற்றைக் கொடுத்தால், விழுந்தவர் விடாமுயற்சியால் எழுந்தார் என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். விடாமுயற்சி இருந்தது உண்மைதான். ஆனால் கடற்படையில் யாரும் தானாக எழுந்துவிட முடியாது; மேலிருப்பவர்கள் எழ விட்டால்தான் உண்டு. ஆகவே கேள்வியை நிமிட்ஸிடம் கேட்பதைவிட அவரை வைத்திருந்த கடற்படையிடம் கேட்பதே பொருத்தம். தவறு செய்த ஓர் இளம் அதிகாரிக்குத் தண்டனையும் கொடுத்து, பாதையையும் அடைக்காமல் வைத்திருந்ததால் அது என்ன அடைந்தது? குறையே இல்லாத கோப்புகளை மட்டும் மேலே அனுப்பும் கடற்படை தனக்கு வேண்டிய தளபதியையே வழியில் தொலைத்துவிடும் என்பது என் வாதம்.

பதவி உயர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்த ஆபத்து புரியும். இந்தியக் கடற்படையில் கமாண்டர் வரையிலான படிகளைப் பணிக்கால அடிப்படையில் எட்டிவிடலாம். கேப்டன் பதவியிலிருந்து தேர்வு வாரியங்கள் குறுக்கே நிற்கின்றன. ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல் என்று போகப்போக இடங்கள் சுருங்கி, கடற்படையின் தலைமைத் தளபதி நாற்காலியில் போய் முடிகிறது. அதிலும் மூன்றாண்டு அல்லது 62 வயது, எது முந்துகிறதோ அதோடு ஓய்வு. மற்ற நாடுகளின் கடற்படைகளும் ஏறக்குறைய இதே கூம்பு வடிவம்தான். வாரியத்தின் முன் வரும் கோப்புகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கும். எல்லாரும் நல்லவர்கள் என்னும்போது, யாரை எடுப்பது என்பதைவிட யாரைக் கழிப்பது என்பதே எளிய கேள்வி. கழிப்பதற்கு ஒரு கண்டனக் கடிதம் போதும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதல்ல இது. கோப்புகள் அதிகமாகவும் இடங்கள் குறைவாகவும் உள்ள எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். விளைவு மட்டும் வேறு. ஆபத்தான பொறுப்பை ஏற்காதவர், புதியதைச் செய்து பார்க்காதவர், முப்பது ஆண்டு பத்திரமாக இருந்தவர் மேலே மிதந்து வருவார்.

நிமிட்ஸுக்குக் கிடைத்தது பத்திரமான பாதை அல்ல. அன்றைக்கு மதிப்பெல்லாம் பெரிய பீரங்கிகள் பூட்டிய போர்க்கப்பல்களுக்கு. 1909இல் அவரை அனுப்பியதோ நீர்மூழ்கிகளுக்கு. பெட்ரோல் புகையில் மூச்சு முட்டும் சிறிய கலங்கள், பெயர் வாங்க நினைப்பவர்கள் தேடிப்போகாத இடம். பெட்ரோல் எஞ்சினால் நீர்மூழ்கிக்குள் தீ, நச்சுப்புகை என்ற இரண்டு அபாயங்களும் இருப்பதைக் கண்டு டீசலுக்கு மாற வேண்டும் என்று வாதாடினார். அந்தத் துறையில் விவரம் தெரிந்தவர் என்று பெயராயிற்று. 1913இல் டீசல் எஞ்சின்களைப் படித்து வர அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து 'மௌமீ' என்ற எண்ணெய்க் கப்பலில் டீசல் எஞ்சின் பொருத்தும் வேலையைக் கவனித்தார். ஒருமுறை எஞ்சினை விளக்கிக் காட்டும்போது பற்சக்கரத்தில் கை சிக்கி ஒரு விரலின் பகுதியை இழந்தார். எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்து அட்மிரல் ஆகலாம் என்று அந்த நாளில் யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்துக்குப் போக வேண்டிய நாசகாரிக் கப்பல்களுக்கு வழியில் எண்ணெய் தீர்ந்துவிடும் என்ற சிக்கல் வந்தது. நடுக்கடலில், ஓட்டத்தை நிறுத்தாமலே, பக்கத்தில் வரும் கப்பலுக்குக் குழாய் வழியாக எண்ணெய் ஏற்றும் முறையை மௌமீயில் இருந்தவர்கள் செய்து காட்டினார்கள். அதை உருவாக்கியவர்களில் நிமிட்ஸ் முக்கியமானவர். துறைமுகமே இல்லாத பசிபிக் பரப்பில் மாதக்கணக்கில் கப்பற்படைகளை ஓட வைத்தது பின்னாளில் இதே நுட்பம்தான்.

மீதிப் பாதையும் இப்படித்தான் போகிறது. 1920இல் பேர்ல் ஹார்பரில் நீர்மூழ்கித் தளம் கட்டுவது. 1922இல் கடற்படைப் போர்க் கல்லூரி, அங்கே ஜப்பானுடன் போர் வந்தால் என்னாகும் என்ற பயிற்சி ஆட்டங்கள். 1926இல் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கடற்படைப் பயிற்சி. பிறகு வாஷிங்டனில், பெயரளவில் கப்பலோட்டுதல் பிரிவு என்றாலும் உண்மையில் யாரை எங்கே நியமிப்பது, யாருக்குப் பதவி உயர்வு என்று பார்த்த ஓர் அலுவலகம். 1939இல் அதன் தலைவரே அவர். மேசைவேலைதான், ஆனால் கடற்படையின் மூத்த அதிகாரிகள் அத்தனை பேரின் பலமும் பலவீனமும் அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு அத்துப்படியாகிவிடும். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கண்ணில் அவர் பட்டதும் அந்த நாற்காலியில்தான்.

1941 டிசம்பர் 7இல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு 2,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பசிபிக் கப்பற்படைத் தலைவர் கிம்மல் நீக்கப்பட்டார். தம்மைவிட மூத்த இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தாண்டி, ரியர் அட்மிரல் பதவியிலிருந்து நேராக நான்கு நட்சத்திர அட்மிரலாக நிமிட்ஸ் நியமிக்கப்பட்டார். டிசம்பர் 31 அன்று 'கிரேலிங்' என்ற நீர்மூழ்கியின் மேல்தளத்தில் பொறுப்பேற்றார். அடுத்து அவர் செய்ததுதான் என் வாதத்துக்கு மிக முக்கியமான சான்று. கிம்மலின் அதிகாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தோற்ற தளபதியின் ஆட்களை யார் வைத்துக்கொள்வார்? நிமிட்ஸ் அவர்களை அப்படியே இருக்கச் சொன்னார். அவர்களில் ஒருவர் உளவுப்பிரிவு அதிகாரி எட்வின் லேட்டன். ஜப்பானிய விமானந்தாங்கிகள் எங்கே போயின என்று சொல்ல முடியாமல் விழித்தவர் அவர்தான். வேறொருவராக இருந்தால் முதலில் அனுப்பியிருப்பது அவரைத்தான். ஆறு மாதம் கழித்து, சங்கேத வல்லுநர் ரோஷ்ஃபோர்ட்டின் குழு உடைத்த சங்கேதச் செய்திகளை வைத்து, ஜப்பானியர் மிட்வே தீவை எந்தத் திசையிலிருந்து, எத்தனை மைல் தொலைவில், எந்த நேரத்தில் நெருங்குவார்கள் என்று அதே லேட்டன் கணித்துக் கொடுத்தார். ஐந்து மைல், ஐந்து பாகை, ஐந்து நிமிடம்: அவ்வளவுதான் பிசகு. 1942 ஜூன் 4இல் தொடங்கிய அந்தப் போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது, அமெரிக்கா ஒன்றை. ஒருமுறை தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதன் பயனை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு எளிதாக எழும் மறுப்பு, ஒரே ஆளை வைத்து விதி சொல்லலாமா என்பது. கண்டனம் வாங்கி, பிறகும் ஒன்றுக்கும் உதவாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லையே! நியாயம்தான். தண்டிக்கப்பட்டவர்கள் எல்லாரும் நிமிட்ஸ்கள் அல்ல. ஆனால் நான் சொல்வது தவறு ஒரு தகுதி என்றல்ல. ஒருவர் தரைதட்டியதை வைத்து அவர் பின்னால் என்ன ஆவார் என்று கணிக்க முடியாது. கணிக்க முடியாத ஒன்றைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு ஓர் உதாரணமே போதும்.

இன்னொரு மறுப்பு கனமானது. அந்தக் காலத்தில் கீழ்ப்பதவிகளில் உயர்வு மூப்பின் அடிப்படையில் வந்தது. கடற்படை வேகமாகப் பெருகிக்கொண்டிருந்ததால் அதிகாரிகளுக்குப் பற்றாக்குறை வேறு. 1910 ஜனவரியில், தரைதட்டி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டே ஆகியிருந்த நிலையில், இடையிலிருந்த ஒரு படியைத் தாண்டி அவர் லெப்டினன்ட் ஆனது இப்படித்தான். ஆக, கடற்படை மன்னித்தது என்பதே மிகை. விதி அப்படி இருந்தது, அவருக்கு வாய்த்தது. இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இளமையில் அவரைக் காப்பாற்றியது யாருடைய பெருந்தன்மையும் அல்ல. ஆனால் அமெரிக்கக் கடற்படையின் மேல்பதவிகளுக்குத் தேர்வு வாரிய முறை 1916இல் வந்துவிட்டது. 1927இல் கேப்டன், 1938இல் ரியர் அட்மிரல் என்று அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் டெகேட்டர் சம்பவம் தெரியாதவர்கள் அல்ல. பழைய கறையைவிட இடைப்பட்ட ஆண்டுகளில் செய்த வேலையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. அதற்கு அந்த வேலை நடந்திருக்க வேண்டும், அது நடக்கும்வரை அவர் பணியில் இருந்திருக்க வேண்டும். இன்றைய வாரியங்கள் முதல் பத்தாண்டுக்குள்ளேயே கழிக்கத் தொடங்கினால் எடைபோட எதுவும் மிஞ்சாது.

ஆனால் உயிர்கள்? தவறு சேற்றோடு முடிந்தால் பெருந்தன்மை பேசலாம். 1923 செப்டம்பர் 8 இரவு, கலிபோர்னியக் கரையில் ஹோண்டா முனை அருகே ஏழு நாசகாரிக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறைகளில் மோதின. 23 பேர் இறந்தார்கள். அணியை நடத்திய கேப்டன் எட்வர்ட் வாட்சன், கரையிலிருந்து வந்த வானொலித் திசைக் குறிப்பை நம்பாமல், தம் கணக்கையே நம்பித் திரும்பினார். நீதிமன்றத்தில் பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அவர் அட்மிரல் ஆகும் வாய்ப்பு அத்தோடு முடிந்தது. சங்கடம் என்னவென்றால், வாட்சன் செய்த தவறும் நிமிட்ஸ் செய்த தவறும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: நிற்கும் இடத்தைச் சரிபார்க்காமல் முடிவு செய்வது. ஒருவருக்குக் கீழே சேறு இருந்தது, மற்றவருக்குப் பாறை. அப்படியானால் நாம் தண்டிப்பது தவறையா, அதன் விளைவையா? விளைவைத்தான் என்று கடற்படைகள் வெளிப்படையாகச் சொல்வதில்லை; செய்வது அதைத்தான். இருபத்து மூன்று குடும்பங்களின் முன் நின்று அதை முழுக்கத் தவறென்று சொல்ல எனக்கும் துணிவில்லை. ஆயினும் வாட்சன் போன்ற அனுபவசாலியிடம் ஒரு கடற்படை எதிர்பார்ப்பதும், 23 வயதுக்காரரிடம் எதிர்பார்ப்பதும் ஒன்றல்ல. நீண்ட அனுபவத்துக்குப் பிறகும் செய்யும் தவறைக் கணக்கில் எடுப்பதும் தொடக்கத்திலேயே கதவை அடைப்பதும் வேறுவேறு.

இந்தக் கோட்டை நிமிட்ஸே எப்போதும் நேராக இழுத்தார் என்று சொல்ல மாட்டேன். 1944 டிசம்பரில், அவருக்குக் கீழிருந்த அட்மிரல் ஹால்சியின் கப்பற்படை சூறாவளிக்குள் மாட்டி மூன்று நாசகாரிக் கப்பல்கள் மூழ்கின. இறந்தவர்கள் ஏறக்குறைய 790 பேர். விசாரணைக் குழு ஹால்சியின் மேல் பொறுப்பைச் சுமத்தியது, ஆனால் தண்டனை இல்லை. நிமிட்ஸ் கப்பற்படை முழுவதற்கும் ஒரு கடிதம் எழுதினார்: வானிலைச் செய்திக்கும் மேலிட உத்தரவுக்கும் காத்திராமல், கப்பலைக் காப்பாற்ற வேண்டிய நடவடிக்கையைக் கப்பல் தலைவனே உரிய நேரத்தில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல கடிதம். அதைப் படிக்கிற கப்பல் தலைவர்களுக்கு, மேலே இருப்பவருக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்று தோன்றியிருந்தால் குறை சொல்ல முடியாது. ஹால்சி மக்கள் கொண்டாடிய வீரர். அந்தப் புகழ் அவரைக் காத்தது என்றே நினைக்கிறேன்.

அந்தப் புகழ் இல்லாதவர் கேப்டன் சார்லஸ் மெக்வே. 1945 ஜூலை 30இல் அவருடைய 'இண்டியானாபொலிஸ்' ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. கப்பலில் இருந்த சுமார் 1,200 பேரில் தப்பியவர்கள் 316. வளைந்து வளைந்து போகாமல் நேராகப் போனார் என்று மெக்வேயின் மேல் குற்றம். கோர்ட் மார்ஷல் வேண்டாம், கண்டனக் கடிதம் போதும் என்றார் நிமிட்ஸ். தாம் 23 வயதில் பெற்றதையே இவருக்கும் பரிந்துரைத்தார் என்பது தற்செயலாக இருக்கலாம். வாஷிங்டன் கேட்கவில்லை. எப்படிப் போயிருந்தாலும் தாக்கியிருப்பேன் என்று அந்த நீர்மூழ்கியின் தலைவர் ஹாஷிமோட்டோவே வந்து சாட்சி சொன்ன பிறகும் மெக்வே குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 1945 டிசம்பரில் நிமிட்ஸ் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அடுத்த சில வாரங்களில் தண்டனை ரத்தாகி மெக்வே பணிக்குத் திரும்பினார். 1949இல் ஓய்வு பெறும்போது அவருக்கு ரியர் அட்மிரல் பட்டம் கிடைத்தது. தீர்ப்பு மட்டும் கோப்பில் அப்படியே இருந்தது. 1968இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். கப்பல் மூழ்கியதற்கு அவர் காரணமல்ல என்று அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்ற 2000ஆம் ஆண்டு ஆயிற்று.