பழைய வேனை கேம்பராக மாத்தப் போறீங்களா? முதல்ல இந்தத் தண்ணிக் கணக்கைப் பாருங்க!

பழைய டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்கி, உள்ளே கட்டில், சின்ன கிச்சன் எல்லாம் போட்டு, லீவு கிடைச்சா கொடைக்கானல், மூணாறுன்னு கிளம்பணும். வேலைக்குச் சேர்ந்த நிறைய பேருக்கு இந்த ஆசை இருக்கு. ஆசையில தப்பே இல்லை. ஆனா இந்த பட்ஜெட்டில் பெரும்பாலும் விட்டுப்போகிற ஒரு செலவு இருக்கு: வெளியே தெரியாத தண்ணீர் சேதம்.

காஞ்ச ஊர் வண்டியை நம்பலாமா?

கயத்தாறில் ஒரு வேன் விலைக்கு வருதுன்னு வைங்க. "கரிசல் காட்டு வண்டி சார், வெயில்லயே நின்னது, துருவே இருக்காது"ன்னு சொல்வாங்க. இதில் ரெண்டு சிக்கல் இருக்கு.

ஒண்ணு, வண்டி இப்போ நிக்கிற ஊரும், அது ஓடின ஊரும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரையோர ஊர்கள் மூழ்கின. அப்படி நனைஞ்ச வண்டியைக் கழுவி, சீட் கவர் மாத்தி, வேற ஊரில் நிறுத்தி விற்பது கஷ்டமே இல்லை.

ரெண்டு, இந்தப் பக்கம் முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். சித்திரை வெயிலில் பார்த்தா எந்தக் கூரையும் ஒழுகாது! கேரியர் மாட்டின போல்ட் ஓட்டை, கூரைத் தகடு சேரும் இடம், ஜன்னல் ரப்பர் இதெல்லாம் மலையில் முதல் மழை பெய்யும்போதுதான் தெரியும்.

அட்வான்ஸுக்கு முன்னாடி 6 சோதனை

1. சீட் பெல்ட்: கடைசி வரை இழுங்க. அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தா சந்தேகப்படுங்க.
2. தரை: மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரால் பிளைவுட்டைக் குத்துங்க. உள்ளே இறங்கினா பலகை உளுத்துப் போச்சு. கீழே இருக்கிற தகடும் போயிருக்கலாம்.
3. சீட் ரெயில், போல்ட்: டயர் பக்கம் துரு சகஜம். சீட்டுக்கு அடியில் ஏன் துரு?
4. வயரிங்: கனெக்டரைக் கழற்றிப் பாருங்க. செம்பு பச்சை பூத்திருந்தா ஈரம் போயிருக்கு.
5. வாசனை: புழுங்கின நாத்தம், அல்லது அதை மறைக்க அளவுக்கு மீறி ஏர் ஃப்ரெஷ்னர்.
6. ஹோஸ் டெஸ்ட்: கூரை மேல் அரை மணி நேரம் தண்ணி அடிச்சு, உள்ளே டார்ச் லைட்டோட தேடுங்க.

கூடவே ஒரு டிங்கரிங் மேஸ்திரியையும், ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனையும் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குக் கொடுக்கும் கூலிதான் இந்த மொத்த ப்ராஜெக்ட்டிலேயே லாபமான முதலீடு.

பேப்பரும் பேசும்

பரிவாஹன் தளத்தில் ஆர்சி, ஃபிட்னஸ், லோன் பாக்கி பார்ப்பது பாதி வேலைதான். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்க. க்ளெய்ம் எடுத்திருந்தா அடுத்த வருஷம் நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்யமாகும். 2024-ல் திடீர்னு பூஜ்யம்னா காரணம் கேளுங்க. ஆனா வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா இந்தத் தடயமே இருக்காது.

இன்னொண்ணு: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக நம்ம இஷ்டத்துக்கு வண்டியை மாத்தக் கூடாது. சீட்டைக் கழற்றி கட்டில் போடுறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸில் எது முடியும், எது முடியாதுன்னு கேட்டுடுங்க. இல்லைன்னா நாளைக்கு இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் பிரச்சினை வரும்.

இப்போ கணக்கு

ஒரு உதாரணம். வேன் 2.5 லட்சம், உள்வேலை 1.5 லட்சம். மொத்தம் 4 லட்சத்தையும் 14% வட்டியில் 3 வருஷ பர்சனல் லோனா எடுத்தா, மாச இஎம்ஐ சுமார் ₹13,670. வட்டி மட்டும் ₹92,000 போகும். கையில் ₹40,000 சம்பளம் வாங்குறவருக்கு மூணில் ஒரு பங்கு இதுக்கே போச்சு.

ஒரு மழைக்காலம் கழிச்சு தரை உளுத்தது தெரியுது. கட்டில், அலமாரி, கிச்சன் எல்லாத்தையும் பிரிச்சாத்தான் தரைத் தகட்டையே தொட முடியும். அதாவது ஒரே உள்வேலைக்கு ரெண்டு தடவை கூலி. அதையும் கிரெடிட் கார்டில் தேய்ச்சு பாக்கி வச்சா, பல கார்டுகளில் வருஷ வட்டி 40% பக்கம் வரும்.

அப்போ என்ன பண்ணலாம்?

- மேஸ்திரி சொல்லும் ரிப்பேர் எஸ்டிமேட்டை அப்படியே விலையில் குறைச்சுக் கேளுங்க. குறைக்கலைன்னா விட்டுடுங்க.
- மொத்த பட்ஜெட்டில் கால்வாசியைத் தொடாம வைங்க. பிரிச்சுப் பார்க்கும்போது வரும் செலவுக்கு அது.
- முதல்ல கூரை, அப்புறம் தரை, அப்புறம் வயரிங். கட்டிலும் கிச்சனும் கடைசி. முடிஞ்சா ஒரு மழைக்காலம் வெறும் வண்டியா ஓட்டிப் பாருங்க.
- எமர்ஜென்சி ஃபண்டை உடைச்சு வேன் வாங்காதீங்க.
- ஒழுகலை விட்டுடலாம். வெள்ளத்தில் முழுசா மூழ்கின வண்டின்னு தெரிஞ்சா எவ்வளவு சீப்பா கிடைச்சாலும் வேண்டாம். வயரிங் கோளாறு எப்போ, எங்கே வரும்னு யாராலும் சொல்ல முடியாது.

வருஷத்துக்கு ரெண்டு, மூணு ட்ரிப்தான் போவீங்கன்னா, வாடகை வேன் செலவையும் மேலே சொன்ன இஎம்ஐயையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. அதுக்கப்புறமும் சொந்த வேன்தான் வேணும்னா, சந்தோஷமா வாங்குங்க. போகும்போது ஸ்க்ரூ டிரைவரும் டார்ச் லைட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.