நெல்லும் நாவற்ற புல்லும்

நெல் வயலில் இறங்கும் களப்பணியாளர் முதற்கண் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு, எது பயிர், எது களை எனப் பகுத்தறிவதாகும். குதிரைவாலிப் பேரினத்தைச் சேர்ந்த களைப்புற்கள் இளம் பருவத்தில் நெல்லைப் பெரிதும் ஒத்திருக்கும். நாற்றங்காலிலேயே இவற்றை இனங்கண்டு களையாவிடின், நாற்றுடன் சேர்த்துப் பறித்து, நாமே வயலிலும் நட்டுவிடுவோம். கதிர் தள்ளிய பின்னரே பிழை புலனாகும். அதற்குள் பயிருக்கு இட்ட உரத்தின் பெரும்பங்கை அவை உண்டிருக்கும்.

இவ்விடத்தே தாவர நூலார் வழங்கும் நான்கு சொற்கள் நமக்குத் துணை செய்கின்றன. புல்லினத்தின் இலையில் தண்டைத் தழுவி நிற்கும் கீழ்ப்பகுதி 'இலையுறை' எனப்படும். நீண்டு விரிந்த மேற்பகுதி 'இலைத்தாள்' ஆகும். இவ்விரண்டும் கூடுமிடத்தில், உட்புறத்தே மெல்லிய சவ்வாக எழுந்து நிற்பது 'சிறுநா'. அதன் இருமருங்கிலும் தண்டைப் பற்றினாற்போல் வளைந்து, மயிருடன் காணப்படுபவை 'இலைச்செவிகள்'. நெல்லுக்குச் சிறுநாவும் செவிகளும் உண்டு; மேற்கூறிய களைப்புற்களுக்கு இரண்டும் இல்லை. இலைத்தாளைச் சற்றே பின்னுக்கு வளைத்து நோக்கின், இவ்வேறுபாடு வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆயின் களைநெல்லும் நெற்பேரினத்தைச் சேர்ந்ததே. அதற்கும் சிறுநா உண்டாதலின், அதனைப் பிரித்தறிய இச்சோதனை பயன்படாது.

சொற்களை மயங்க வழங்குவதால் நேரும் இழப்புக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. வயலில் முளைக்கும் கோரையையும் 'புல்' என்றே பலர் குறிப்பர். கோரையின் தண்டு பெரும்பாலும் முப்பட்டையானது; இலைகள் மூன்று வரிசையில் அமைந்திருக்கும். புல்லின் தண்டோ உருண்டு, கணுக்களுடன் விளங்கும். இலைகள் இரு வரிசையில் நிற்கும். 2,4-டி என்னும் களைக்கொல்லி அகன்ற இலைக் களைகளையும் ஓராண்டுக் கோரைகளையும் அழிக்கும், புற்களை அழிக்காது. ஆகவே, அறிக்கையில் கோரையெனக் குறிக்க வேண்டிய இடத்தில் புல்லெனக் குறிப்பின், உழவருக்குக் கிடைக்கும் பரிந்துரையும் பிழைபடும். அவர் செலவிட்ட பொருளும் வீணாகும்.

ஆசிரியர்கள் இச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்விப்பதினும், மாணாக்கர் கையில் ஒரு நெல் நாற்று, ஒரு களைப்புல், ஒரு கோரை ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்க்கச் செய்தல் நன்று. முதலில் அவர்கள் வேறுபாட்டைத் தாமே கண்டு கூறட்டும். பின்னர் அவ்வுறுப்பின் பெயரைச் சொல்லுங்கள். கண்ணாற் கண்டு, விரலால் தொட்டு அறிந்த பெயர் எளிதில் மறவாது.