உங்கள் வீட்டு பிரவுசருக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

போன மாரிகாலம், ஒரு ஞாயிறு பின்னேரம். ஒன்பது வயது மகள் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்துக்கொண்டு பெங்குயின் பற்றிப் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: "அப்பா, அப்பம்மாவுக்கு மறதி வருத்தமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவைப் பற்றி டொக்டர் சொல்லி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று நானும் மனைவியும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தோம்.

"யார் சொன்னது?" என்று கேட்டேன். திரையைக் காட்டினாள். பெங்குயின் படத்துக்குப் பக்கத்தில், மறதி நோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றின் விளம்பரம். "எந்தப் பக்கத்துக்குப் போனாலும் இதுதான் வருது. நீங்கள்தானே தேடினீங்கள்?"

மென்பொருள் எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் என் வீட்டுச் செய்தியை என் பிள்ளைக்கு முதலில் சொன்னது ஒரு விளம்பரம்.

நடந்தது சிக்கலான விஷயம் இல்லை. முதல் நாள் இரவு நான் வாசித்த பக்கங்களில் விளம்பர நிறுவனம் ஒன்றின் குறியீடும் இருந்திருக்கிறது. அது எங்கள் பிரவுசரில் 'குக்கி' என்ற சின்ன அடையாளத் துண்டை வைத்துவிட்டுப் போனது. அடுத்த நாள் பெங்குயின் பக்கத்திலும் அதே நிறுவனம் இருந்தது. துண்டைப் பார்த்தது, "நேற்று வந்த ஆள்தான்" என்று கண்டுகொண்டது. விளம்பரம் வந்துவிட்டது. இப்படி வேறு ஆள் வைக்கும் குக்கியை பிரவுசர் நினைத்தால் தடுக்கலாம். எங்களுடையது தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதை நான் யோசித்துத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. எல்லாரும் பாவிக்கிறார்கள் என்று நானும் இறக்கினேன்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன். எங்கள் அம்மா அப்பா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சீட்டுக் கட்டினவர்கள். சீட்டு நடத்துகிறவரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பார்கள். இவருக்கு இதில் என்ன லாபம்? போனமுறை பிரச்சினை வந்தபோது என்ன செய்தவர்? பிரவுசருக்கும் இந்த இரண்டு கேள்வி போதும்.

முதலில் லாபம். 2008இல் வந்த குரோம், கூகிளுடையது. கூகிளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம். குரோம் வேகமானது, வைரஸ் போன்றவற்றிலிருந்து பாதுகாப்பதிலும் நல்லது. ஆனால் விளம்பரக்காரர் நம்மைப் பின்தொடர்வதைத் தடுப்பது அதன் சொந்தக்காரருக்கு நட்டம். இரண்டு வருஷத்துக்குள் மூன்றாம் தரப்புக் குக்கிகளை நிறுத்துவோம் என்று 2020 ஜனவரியில் சொன்னார்கள். திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அதே குக்கிகளை ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலேயே முழுதாக அடைத்துவிட்டது. அறியப்பட்ட பின்தொடரிகளை ஃபயர்ஃபொக்ஸ் 2019 முதல் தானாகவே தடுத்துவருகிறது.

அப்போ மற்றவர்கள் எல்லாம் சுத்தமா? அதுவும் இல்லை. சஃபாரியில் கூகிள் தேடலே முதலில் வருவதற்காக, 2022இல் மட்டும் கூகிள் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டொலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. ஃபயர்ஃபொக்ஸின் பின்னால் இருப்பது மொசில்லா என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. ஆனால் அதற்கும் பெரும்பாலான வருமானம் கூகிளிடமிருந்துதான், அதே தேடல் ஒப்பந்தத்துக்காக.

இரண்டாவது கேள்வி, பிரச்சினை வந்தபோது என்ன செய்தார்கள் என்பது. விளம்பரங்களைத் தானாகவே தடுக்கும் பிரேவ், 2020இல் பிடிபட்டது. சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டும்போது, தனக்குக் கமிஷன் வரும் குறியீட்டைச் சத்தமில்லாமல் சேர்த்தது. மன்னிப்புக் கேட்டு அதை எடுத்துவிட்டார்கள். டக்டக்கோவின் பிரவுசர் மைக்ரோசொஃப்ட்டின் சில பின்தொடரிகளை விட்டுவைத்தது 2022இல் தெரியவந்தது. சில மாதத்தில் அதையும் திருத்தினார்கள். 2025 பெப்ரவரியில் மொசில்லா, "உங்கள் தரவை ஒருபோதும் விற்க மாட்டோம்" என்ற வாக்கை நீக்கியது. பாவனையாளர்கள் கோபப்பட, புதிய விதிமுறைகளின் வாசகத்தை மாற்றி எழுதியது.

குரோமின் 'இன்கொக்னிட்டோ' பற்றி 2020இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகிள் ஒத்துக்கொண்டது. அன்றிரவு நான் இன்கொக்னிட்டோவில் தேடியிருந்தால் மகளின் கண்ணில் அந்த விளம்பரம் அநேகமாகப் பட்டிருக்காது. அது அதே லப்டொப்பைப் பாவிக்கும் அடுத்த ஆளிடமிருந்துதான் மறைக்கும். நீங்கள் போகும் தளங்களிடமிருந்து மறைக்காது.

எங்கள் வீட்டில் செய்தது இவ்வளவுதான்:

லப்டொப்பில் ஃபயர்ஃபொக்ஸ், அதோடு யூபிளொக் ஒரிஜின் என்ற இலவச விளம்பரத் தடுப்பான். அதன் முழு வடிவம் இப்போது குரோமில் ஓடாது, 'லைட்' மட்டும்தான் ஓடும்.

வீட்டில் ஆளுக்கொரு தனிக் கணக்கு. பிரவுசரை மாற்றியதைவிட இதுதான் அதிகம் உதவியது. நான் தேடுவது மகளின் பக்கத்துக்குப் போகாது.

ஐபேடில் சஃபாரியை அப்படியே விட்டோம். கனடாவில் ஐபேடில் எந்த பிரவுசரை இறக்கினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் எஞ்சின்தான்.

பள்ளிக்கூடம் தந்த குரோம்புக்கில் நாங்கள் எதையும் மாற்ற முடியாது. அதனால் வீட்டு விஷயம் எதையும் அதில் தேடுவதில்லை.

எல்லாம் ஒரு மணித்தியால வேலை. எப்போதாவது ஒரு தளம் சரியாகத் திறக்காது, அப்போது அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை நிறுத்துவோம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கூகிள் கணக்கிலோ யூடியூபிலோ உள்நுழைந்து தேடினால், எந்த பிரவுசராக இருந்தாலும் அவர்களுக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் லப்டொப்பை மூடிவிட்டு, மகளைப் பக்கத்தில் இருத்தி, அப்பம்மாவின் வருத்தத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் அழுதாள். ஒரு கிழமை கழித்துப் புதுக் கணக்கைத் திறந்து கொடுத்தபோது கேட்டாள்: "அப்போ இனி நீங்கள் என்ன தேடினாலும் எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. ஆனால் வீட்டு விஷயம் எண்டால் நானே முதல்ல சொல்லுவன்."

யோசித்துவிட்டு, "சரி, மறக்கக் கூடாது" என்றாள்.