லிஸ்ப் எச்சரிக்காது, நாம்தான் பார்க்க வேண்டும்!

எக்ஸெலில் ஏதாவது ஒரு கட்டத்தில் ரவுண்ட் பங்ஷனை டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் 12.567 என்று மட்டும் கொடுத்து என்டர் தட்டிப் பாருங்கள். எத்தனை தசம இடங்கள் வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. உடனே ஒரு பெட்டி தோன்றி, கொடுத்த விவரம் போதாது என்று சொல்லிவிடும். பங்ஷனுக்கு நாம் தரும் இந்த விவரங்களுக்குத்தான் ஆர்க்யுமெண்ட் என்று பெயர்.

எல்லா மொழிகளும் இப்படி உடனே சொல்லிவிடுமா? இல்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

1958-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி தொடங்கி வைத்த மொழி லிஸ்ப். ஆட்டோகேட் வரைபட மென்பொருளுக்குள் இருக்கும் ஆட்டோலிஸ்ப் அதன் வாரிசுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டட வரைபடத்தில் கதவு வரைய அதில் ஒரு பங்ஷன் எழுதினேன். இடம், அகலம் என இரண்டு ஆர்க்யுமெண்ட்டுகள்:

(கதவு இடம் 900)

பிறகு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மூன்றாவதாகச் சேர்த்தேன். அழைக்கும் வரிகளை எல்லாம் திருத்தினேன். இரட்டைக் கதவுக்கான ஒரு வரி மட்டும் விட்டுப்போனது. பைல் ஒழுங்காக லோடு ஆனது. ஒற்றைக் கதவுகளை வரைந்து பார்த்தேன், சரியாக வந்தன. இரண்டு வாரம் கழித்து வாடிக்கையாளர் முதல் இரட்டைக் கதவைப் போட்டார். 'ஆர்க்யுமெண்ட்டுகள் குறைவு' என்ற எர்ரரோடு படம் பாதியில் நின்றது. எனக்கு முகம் வெளிறிவிட்டது.

ஏன் முன்பே சொல்லவில்லை?

லோடு ஆகும்போது அடைப்புக்குறிகள் பொருந்துகின்றனவா என்பது போன்றவற்றை மட்டுமே ஆட்டோலிஸ்ப் பார்க்கும். பங்ஷனை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பதால், ஆர்க்யுமெண்ட் எண்ணிக்கையை அந்த வரி ஓடும்போதுதான் சரிபார்க்கும். ஓடாத வரியில் உள்ள தவறு தூங்கிக்கொண்டே இருக்கும்.

காமன் லிஸ்ப் மொழியின் எஸ்.பி.சி.எல். கம்பைலர் பரவாயில்லை. பங்ஷனும் அதை அழைக்கும் வரியும் ஒரே பைலில் இருந்தால் கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கும். எந்தப் பங்ஷன் என்பதை ஓடும்போது ஒரு வேரியபிள்தான் முடிவு செய்கிறது என்றால் அதுவும் பொதுவாக மௌனம்தான்.

இதைவிட ஆபத்தானது இடமாறுதல். கதவின் அகலம் 900 மி.மீ., சுவரின் தடிமன் 230 மி.மீ. இரண்டுமே எண்கள். மாற்றிக் கொடுத்தால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், எர்ரரே வராது. படம்தான் தப்பாக வரும்.

என்ன செய்யலாம்?

* பழைய பங்ஷனில் ஆர்க்யுமெண்ட் சேர்க்காதீர்கள். புதுப் பெயரில் இன்னொன்று எழுதுங்கள். பழைய வரிகள் பழையபடி ஓடும்.
* மாற்றியே ஆக வேண்டுமென்றால், எடிட்டரின் பைண்ட் வசதியில் பங்ஷன் பெயரைத் தேடி, எல்லா பைல்களிலும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.
* 'இப்படியானால்' என்று பிரியும் ஒவ்வொரு கிளையையும் ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள்.

எர்ரர் வரவில்லை என்றால் தவறு இல்லை என்று அர்த்தமல்ல. அந்த வரி இன்னும் ஓடவில்லை என்றும் இருக்கலாம்!